தகரப் பெட்டிப் புத்தகங்களும் தோட்டத்துப் பாட்டிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தின் ஓரத்தில் இரண்டு இரும்பு அலமாரிகளை வைத்து, சனிக்கிழமை மாலைகளில் பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வருகிறோம். ரப்பர்த் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வீடு மாறுகிறவர்கள், பாட்டியின் பெட்டியில் கிடந்ததை அள்ளிக்கொண்டு இங்கே வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதிலை எழுதி வைத்துவிட்டேன்.

பாட்டி பெட்டியில நாலஞ்சு பழைய புத்தகம் இருந்துச்சு. அட்டை இல்ல, முதல் பக்கமும் இல்ல. இதெல்லாம் என்ன புத்தகம்?

எழுத்து பெரிதாக, தாள் மொரமொரவென்று பழுப்பாக இருந்தால், பத்தில் எட்டு 'பெரிய எழுத்து' புத்தகமாகத்தான் இருக்கும். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை என்று ஒரு வரிசை உண்டு. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் குறைந்த விலைக்கு விற்றதால் 'குஜிலிப் புத்தகம்' என்றும் சொல்வார்கள். 1835-ல் வந்த சட்டத்தால் இந்தியர்கள் சொந்தமாக அச்சுக்கூடம் நடத்துவது எளிதானது. அதற்குப் பிறகு இந்தக் கதைகள் ஏட்டிலிருந்து தாளுக்கு வந்து ஊர் ஊராகப் போயின.

எழுத்தைப் பெரிதாகப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இதை வாசித்தவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள், கண் மங்கியவர்கள், மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறவர்கள்.

பாட்டிக்குக் கைநாட்டுதான். தன் பேரையே எழுதத் தெரியாது. அப்புறம் எப்படிப் பெட்டிக்குள்ள புத்தகம் வந்துச்சு?

1901 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். மலாயாவில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று சட்டம் வந்ததே 1923-ல். எனவே பாட்டிக்குப் படிக்கத் தெரியாமல் போனதில் வியப்பு இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் புத்தகத்தை ஒருவர் வாசிப்பார், லயமே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) உட்கார்ந்து கேட்கும். ஆறு வெள்ளிக்கு வாங்கிய புத்தகத்தைத் தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் படிப்பது நம் காலத்துப் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். படிவம் நான்கு படிக்கும் ஒரு பையன் நல்லதங்காள் கதையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். பேத்தியோடு வந்திருந்த எண்பது வயதுக்கு மேலான ஓர் அம்மா, சுருக்குப் பையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் பக்கத்தைத் திருப்பி வாசித்ததும், "இரு தம்பி, மூத்த பையன் தப்பிச்சு ஓடுறது எங்க?" என்றார். தாளைப் பார்த்தால், மஞ்சள் கறை பட்டு இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாகப் பிரித்தோம், அந்த இடம் உள்ளேதான் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. சின்ன வயதில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்து லயத்தில் கேட்டது அவ்வளவும் நெஞ்சில் இருந்தது.

நல்லதங்காள், அல்லி எல்லாம் கட்டுக்கதைதானே? அதுல கிராமத்துப் பெண்ணோட வாழ்க்கை எங்க இருக்கு?

கதை கட்டுக்கதைதான், அதில் வரும் பசி கட்டியது இல்லை. நல்லதங்காள் பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். மழை பொய்த்தால் பிறந்த வீடு கைகொடுக்குமா, கொடுக்காதா என்பது அன்றைக்குக் கல்யாணமான ஒவ்வொரு கிராமத்துப் பெண்ணின் வயிற்றிலும் இருந்த பயம்.

இந்தக் கதை அச்சில் பரவிய அதே நூற்றாண்டில்தான் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் கப்பலேறினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, அங்கிருந்து புரோவின்ஸ் வெல்லஸ்லியிலும் கிரியானிலும் இருந்த கரும்புத் தோட்டங்கள், காப்பித் தோட்டங்கள், பிறகு ரப்பர். அவர்களோடு வந்த பெண்களுக்கு நல்லதங்காள் ஊரில் விட்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. அதனால்தான் அந்த இடம் வந்தால் லயத்தில் எல்லோரும் அழுவார்கள் என்று நம் பாட்டிகள் சொல்கிறார்கள்.

அல்லி இதற்கு நேர் எதிர். மதுரையை ஆளும் ராணி, ஆண் வாடையே பிடிக்காதவள், அர்ச்சுனனையே அலைய விட்டவள். கடைசியில் அவளுக்குத் தாலி ஏறிவிடுகிறது, அதுவும் தூங்கும்போது. ஆனாலும் அது வரைக்கும் நூறு பக்கம் அவள் ஆட்சிதான். விடிகாலையில் பால் சுமக்கும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போகிற பெண்கள் அந்த நூறு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால், ஏன் என்று எனக்குப் புரிகிறது.

அந்த நூற்றாண்டு நாவல்கள்ல பெண்களைப் பத்தி நிறைய இருக்காமே. எதிலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வந்தது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுவது இதுதான். இதன் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். பெண்கள் படிக்கவேண்டும் என்று 'பெண்மதி மாலை'யும் எழுதியவர் அவர். அடுத்து ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893-ல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடங்கி, 1896-ல் புத்தகமானது. சிறுகுளம் என்ற கிராமத்தில் வம்பு எப்படி ஒரு குடும்பத்தைக் கலைக்கிறது என்று அதில் பார்க்கலாம். மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898.

நான் ராஜம் ஐயரைத்தான் முதலில் கொடுப்பேன். பெண்கள் கூடிப் பேசும் இடங்களில் அவர் காது கூர்மையானது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இவையெல்லாம் நிலமும் உத்தியோகமும் உள்ள வீடுகளின் கதைகள். அந்த வீட்டு நெல்லை நட்டவள் வாசலுக்கு வெளியே நிற்கிறாள்.

அப்ப வயல்ல நாத்து நட்ட நம்ம பாட்டியோட பாட்டியைப் பத்தி யாருமே எழுதலையா?

அவள் வாழ்க்கையை அவளே எழுதிய புத்தகம் என்று எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பேச்சு அச்சில் இருக்கிறது, வேறு ஆட்களின் பெயரில். பெர்சிவல் பாதிரியார் 1842-ல் ஒரு பழமொழித் திரட்டு போட்டார், 1874-ல் அதையே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு பெரிதாக்கினார். 1897-ல் யென்சன் என்ற டென்மார்க் பாதிரியார் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து இன்னொரு திரட்டு கொண்டுவந்தார். கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை 1871-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்." இதைப் பண்டிதர் யாரும் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார். கிணற்றடியில் ஒரு மருமகள் வாயிலிருந்துதான் வந்திருக்கும். திரட்டியவர் பெயர் அட்டையில் இருக்கிறது, சொன்னவள் பெயர் எங்கேயும் இல்லை. பழமொழிப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும். நடவு, களை, கூலி, அரிசி, மாமியார், தாய்வீடு என்ற சொற்கள் வரும் பழமொழிகளை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். ஒரு பெண்ணின் ஒரு நாள் பொழுது தானாக எழுந்து நிற்கும். தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப் பாட்டுப் புத்தகங்களையும் இப்படியே படிக்கலாம்.

எழுத்தே புரியல. வார்த்தைக்கு வார்த்தை இடம் விடல, சில எழுத்து வேற மாதிரி இருக்கு. எப்படிப் படிக்கிறது?

சந்தி பிரிக்காமல் சேர்த்து அச்சடித்திருப்பார்கள். 'அவளழுதாளென்றறிந்து' என்று இருந்தால் 'அவள் அழுதாள் என்று அறிந்து'. வாய்விட்டுப் படித்தால் தானாகப் பிரிந்துவிடும், கண்ணால் மட்டும் படித்தால்தான் சிக்கல். மிகப் பழைய பதிப்புகள் சிலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் தெளிவாக இராது.

லை, னை, ணை போன்றவற்றில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு தெரியும். றா, னா, ணா ஒரே சுழியாக இருக்கும். தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது, நம் பள்ளிகளுக்கு அதற்குப் பிறகு. அதற்கு முன்பு தமிழ்ப்பள்ளியில் படித்த தாத்தாவோ அத்தையோ வீட்டில் இருந்தால் புத்தகத்தை அவர்களிடம் கொடுங்கள். தண்ணீர் மாதிரி படிப்பார்கள். உங்கள் பிள்ளைகளை அந்த நேரம் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

'விகிர்தி வருஷம்'னு போட்டிருக்கு. கணக்குப் போட்டா 1890 வருது. நூத்து முப்பது வருஷப் புத்தகம்தானே?

அவசரப்படாதீர்கள். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1867, 1927, 1987. விகிர்தி என்றால் 1890-ம் ஆகலாம், 1950-ம் ஆகலாம். தை, மாசி, பங்குனி என்றால் இங்கிலீஷ் ஆண்டில் ஒன்றைக் கூட்டவும் வேண்டும்.

விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பழசு, 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்குப் பிறகு வந்தது. நம் ஊர்ப் பெட்டிகளிலிருந்து வருபவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் கதையின் 20ஆம் நூற்றாண்டு மறுபதிப்பு. அதைக் கேட்டதும் சிலர் முகம் வாடிவிடும். வாடவேண்டியதில்லை. உங்கள் பாட்டி கேட்டது இந்தப் பிரதியிலிருந்துதான். உங்கள் வீட்டு வரலாற்றுக்கு இதுதான் மூலப் பிரதி.

'புகழேந்திப் புலவர் இயற்றியது'ன்னு இருக்கே. நளவெண்பா எழுதினவரா?

இல்லை. அல்லி, பவளக்கொடி, ஏணியேற்றம் எல்லாவற்றுக்கும் அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். மொழியைப் பார்த்தாலே நளவெண்பாவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்று தெரியும். பாடி வந்தவர்கள் பெயர் தெரியாததால் ஒரு பெரிய புலவரின் பெயர் அட்டையில் ஏறிவிட்டது.

நல்ல பிரதியைப் பார்க்கணும்னா எங்க போகணும்? மெட்ராஸ்தானா?

முதலில் இணையத்தில் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சுப் பிரதிகள் படமாகவே இருக்கின்றன. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த பனுவல்கள் கிடைக்கும். கண்ணுக்குச் சிரமம் என்றால் இரண்டாவது நல்லது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்த் தொகுப்பு உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-ல் தொடங்கியது.

சென்னை போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைத் தவறவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் ஒரு லட்சம் புத்தகங்களும் இதழ்களும் அதன் அடித்தளம். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் அவர் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக 1994-ல் அமைத்தார்கள். 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகமும் சென்னையில்தான்.

லண்டனிலும் நம் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. 1867-ல் வந்த சட்டப்படி அச்சான ஒவ்வொரு புத்தகமும் அரசாங்கத்தில் பதிவாகவேண்டும். அதனால் ஓர் அணாப் புத்தகமும் பட்டியலில் ஏறியது, பல பிரதிகள் கடல் தாண்டிப் போயின. அங்கிருந்த பிரிட்டிஷ் மியூசியத்தின் தமிழ் நூல் பட்டியலைப் பார்னெட்டும் போப்பும் தொகுத்தார்கள், திருக்குறளை மொழிபெயர்த்த அதே போப். அது 1909-ல் வெளிவந்தது. நம் லயத்தில் கரையான் தின்ற பிரதிக்கு அங்கே ஓர் உடன்பிறப்பு பத்திரமாக இருக்கலாம்.

நம்ம பக்கத்துல அந்தக் காலத்துல தமிழ்ப் புத்தகமே அச்சடிக்கலையா?

அடித்தார்கள். சிங்கப்பூரில் 1872-ல் 'முனாஜாத்துத் திரட்டு' அச்சானது. 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபு அங்கே 'சிங்கை நேசன்' நடத்தினார். பினாங்கில் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' நடத்தினார். 'சிங்கை நேசன்' இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இவையெல்லாம் துறைமுகப் பட்டண வணிகர்களும் புலவர்களும் தமக்குள் பேசிக்கொண்டவை. தோட்டத்துப் பெண்ணை அதிகம் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எங்க கொள்ளுப்பாட்டி பேர் ஏதாவது பழைய பதிவுல கிடைக்குமா?

கஷ்டம். 1901-ல் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு இருநூறு பெண்கள்கூட இல்லை. இருந்த சிலரையும் 'இன்னார் மனைவி' என்றோ வெறும் எண்ணிக்கையாகவோதான் எழுதியிருப்பார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் செலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் போன்றவை உள்ளன. அவற்றில் தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள், ஆளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். வீட்டில் இருக்கும் பிறப்புப் பத்திரம், பழைய செக்ரோல் (தோட்டத்துக் கூலிப் பதிவேடு) துண்டு எதையும் தூக்கிப் போடவேண்டாம். தோட்டப் பெயர் தமிழில் ஒன்று, கம்பெனிப் பெயர் வேறொன்று என்று இருக்கும். இரண்டையும் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள்.

புத்தகம் உதிருது. லேமினேட் பண்ணலாமா? இல்ல, சாமிப் புத்தகம்னு ஆத்துல விட்டுடலாமா?

லேமினேட் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம். இரண்டும் தாளைக் கொன்றுவிடும். செய்தித்தாளில் சுற்றவும் கூடாது, அதிலுள்ள அமிலம் ஏறும். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, படுக்கவைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் அடைத்து வைத்தால் பூசணம் பிடிக்கும். வெயிலில் காய வைத்தால் தாள் இன்னும் முறியும். இராமபாணப் பூச்சி ஏறியிருந்தால் மட்டும், ஈரமில்லாத புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டு, நன்றாக உறையும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.

ஆற்றில் விடும் எண்ணம் மரியாதையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் விடுவதற்கு முன் எங்களிடம் ஒரு முறை காட்டுங்கள். கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க ஒரு மாலை போதும்.

படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினா காப்புரிமைத் தொல்லை வருமா? வித்தா எவ்வளவு கிடைக்கும்?

மலேசியாவில் எழுதியவர் இறந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. 19ஆம் நூற்றாண்டு மூலத்துக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. இன்றைய பதிப்பில் ஒருவர் புதிதாக எழுதிய முன்னுரைக்கும் குறிப்புக்கும் உரிமை உண்டு, அவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். விற்பதைப் பற்றி: மேலே சொன்ன மறுபதிப்புகளுக்குப் பெரிய விலை கிடைக்காது. அதில் பாட்டியின் பெயரோ, தோட்டத்தின் பெயரோ, மஞ்சள் கறையோ இருந்தால் தயவுசெய்து விற்காதீர்கள்.

'பெண்புத்தி பின்புத்தி'ன்னு எல்லாம் வருது. இதைப் பிள்ளைங்ககிட்டக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கூட உட்கார்ந்து. அந்த வரியை மறைத்துவிட்டால், இப்படிப் பேசிய உலகத்தில் நம் பாட்டிகள் எப்படித் தலை நிமிர்ந்தார்கள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். எங்கள் மண்டபத்தில் ஒரு சிறுமி அந்த வரியில் நிறுத்தி, "இத எழுதுனது ஆம்பளையா?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க அதைத்தான் பேசினோம். நல்லதங்காள் கதையின் முடிவைப் பத்து வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு மட்டும் நாங்கள் வாசிப்பதில்லை.

அம்மா பாடுற தாலாட்டுல கித்தா மரமும் கங்காணியும் வருது. புத்தகத்துல அப்படி இல்லையே. எது சரி?

இரண்டும் சரி. அச்சில் ஏறிய பாட்டு அன்றைக்கு நின்றுவிட்டது, வாயில் இருந்த பாட்டு கப்பலேறி வந்து ஆலமரத்துக்குப் பதில் கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு பெண் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை ஆட்டிக்கொண்டே அதை மாற்றியிருக்கிறாள். பழமொழி சொன்னவளுக்கு நேர்ந்தது இவளுக்கும் நேரக்கூடாது. அம்மாவைத் திருத்தாதீர்கள், பதிவு செய்யுங்கள். முதலில் அவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு பாட்டு.

ஒட்டிய பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த அந்த அம்மா, அன்றைக்கு எழுந்து போகும் முன் நல்லதங்காள் புலம்பலை நான்கு வரி பாடினார். அடுத்த வாரம் வருவார் என்று நினைத்து நாங்கள் பதிவு செய்யவில்லை. அவர் வரவில்லை. இப்போது மேசைமேல் கைபேசியை வைத்து, பதிவை ஓடவிட்ட பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறோம்.